ஜின்செங் வேரும் நான் நிறுத்திய இன்ஹேலரும்

யாழினி, கவின், இரண்டு பேரும் உட்கார்ந்து இதைப் படியுங்கள். கவினுக்கு வேகமாகப் படிக்க வராது, அதனால் யாழினி சத்தமாகப் படிக்கட்டும். நான் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததற்கு, பக்கத்து வீட்டிலெல்லாம் தூசி ஒத்துக்கொள்ளாமல் வீசிங் வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறோம். அது பொய் இல்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதியில் யாழினியும் இருக்கிறாள். நான் வாயைத் திறக்காததால் அவளுடைய மருந்து மூன்று நாள் அலமாரிக்குள் கிடந்தது. அதை நானே சொல்ல வேண்டும்.

டாக்டர் இரண்டு வாரம் ஓய்வு எடுக்கச் சொன்னார். என்னால் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. மொட்டை மாடிக்கு ஏறினால் உங்கள் அம்மா கீழே இருந்து கத்துகிறாள். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது, அதற்கு மேல் ஐ.டி.ஐ., அவ்வளவுதான் படிப்பு. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நோய் என்ன என்று சொல்கிறேன். பூந்தமல்லி தாண்டி நான் வேலை செய்யும் கம்பெனியில் கார் கதவைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பட்டை செய்கிறோம். என் வேலை அதைச் சோதிப்பது. வெடிப்பு இருந்தால், அளவு தப்பினால், தள்ளிவிடுவேன். என்னைப் போல ஒரு ஆள் திடீரென்று நல்ல பட்டையையும் கெட்டது கெட்டது என்று தூக்கி எறிந்துகொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? ஒவ்வாமை அதுதான். தூசி ஒரு கெடுதலும் செய்யாது. ஆனால் என் உடம்பு அதை விரோதி என்று நினைத்துக்கொண்டு மூக்கில் தண்ணீரை விடும், தும்மித் தள்ளும். அதே சண்டை நெஞ்சுக்குள் இறங்கினால் மூச்சுக் குழாய் வீங்கிச் சுருங்கிவிடும். அதற்குப் பெயர் ஆஸ்துமா. எனக்கு நாலு வருஷமாக இருக்கிறது. யாழினிக்கு ஏழு வயதில் வந்தது. என் மூக்கு, என் கண், என் நெஞ்சு எல்லாம் அப்படியே அவளுக்கு.

நம் வீட்டில் இரண்டு வகை இன்ஹேலர் இருக்கிறது. நீல மூடி போட்டது, சுருங்கிய குழாயை உடனே திறக்கும். ஆரஞ்சு மூடி போட்டது, குழாயின் வீக்கத்தை மெல்ல மெல்லக் குறைக்கும். நீலம் போட்டால் ஐந்து நிமிஷத்தில் தெரியும். ஆரஞ்சு போட்டால் ஒன்றுமே தெரியாது. நிறுத்தினாலும் சில நாளைக்கு ஒன்றும் தெரியாது. நான் ஏமாந்தது அங்கேதான்.

எங்கள் கம்பெனியில் ஹான் சார் என்று ஒரு கொரியாக்காரர் இரண்டு வருஷம் இருந்தார். ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வெள்ளைப் பவுடர் தூவுவோம். அந்தப் பக்கம் வந்தாலே அவரும் தும்முவார், நானும் தும்முவேன். அவருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. தும்மல்தான் எங்கள் சிநேகம். "சாப்டாச்சா?" என்று மட்டும் தமிழில் கேட்பார், சாயங்காலம் நாலு மணிக்கும் அதையே கேட்பார். தினமும் காலையில் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பாக்கெட்டை எடுத்து, முனையைக் கிழித்து, வாயில் பிழிந்துகொள்வார். ஊருக்குத் திரும்பிப் போகும் முன் அதே பாக்கெட் முப்பது அடங்கிய ஒரு பெட்டியை என் கையில் வைத்தார். தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார், கட்டை விரலைத் தூக்கினார், "மார்னிங், ஒன்" என்றார்.

அதுதான் ஜின்செங். பெட்டியின் மேல் படம் இருந்தது, இரண்டு காலும் இரண்டு கையும் வைத்த ஆள் மாதிரி ஒரு வேர். அவர்கள் ஊரில் அதை ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் சிவப்பாகிவிடுமாம். அதிலிருந்து எடுத்த சாறு. மழை பெய்த மண்ணை நக்கினது போல ஒரு வாசனை, அப்புறம் கசப்பு. போனில் தேடிப் பார்த்தேன். தும்மல், மூக்கடைப்பு, வீசிங் எல்லாவற்றுக்கும் நல்லது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்கு யாழினிதான் ஞாபகம் வந்தாள். விளையாட்டுப் பீரியடில் அவளை மட்டும் மரத்தடியில் உட்கார வைக்கிறார்களே, அது போய்விடாதா என்று.

ஆனால் எடுத்த எடுப்பில் பிள்ளைக்குக் கொடுத்துவிட முடியுமா? முதலில் என் மேல் சோதித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். எங்கள் லைனில் ஒரு விதி உண்டு. பட்டையில் குறை வந்தால் சூடு, அழுத்தம், வேகம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் எது சரி செய்தது என்று தெரியும். ஜின்செங் வேலை செய்கிறதா என்று சுத்தமாகத் தெரிய வேண்டும், ஆரஞ்சு இன்ஹேலரும் கூடவே இருந்தால் குழப்பம் என்று நினைத்தேன். ஆகவே ஜின்செங்கை ஆரம்பித்த அன்றே ஆரஞ்சை நிறுத்தினேன். தினமும் தும்மலை எண்ணி நோட்டில் குறித்தேன். முதல் நாள் முப்பத்தொன்று. பத்தாம் நாள் பன்னிரண்டு. எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. போன வருஷம் யாரோ கொடுத்த ஒரு சூரணத்தைத் தின்று எனக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டாக்டரைக் கேட்காமல் இனி எதையும் வாயில் வைக்க மாட்டேன் என்று அன்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

இருபத்து மூன்றாம் நாள், மத்தியானம் மூன்று மணி. லைனில் நின்றிருந்தேன். நெஞ்சைச் சுற்றி யாரோ அந்த ரப்பர் பட்டையையே சுற்றி இழுத்தது போல இருந்தது. மூச்சை உள்ளே இழுக்க முடிகிறது, வெளியே விட முடியவில்லை. நீல இன்ஹேலரை நாலு முறை அடித்தேன். கேட்கவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சேகர் அண்ணன், நம் மேனாம்பேட்டுக்காரர்தான், வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"இன்னா மாமே, உதடு நீலமா கீது! பேசு, எதுனா பேசு!"

பேச முடியவில்லை. கையால் காட்டினேன்.

"பேசாத, பேசாத. டேய், வேன எடுங்கடா!"

முகப்பேர் ஆஸ்பத்திரி வரும் வரை சேகர் அண்ணன் என் முதுகைத் தடவிக்கொண்டு டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார். அவசரப் பிரிவில் விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது, எனக்கு எண்பத்தேழு. முகமூடி வைத்து மருந்தைப் புகையாக விட்டார்கள், அது நெபுலைசர். மணிக்கட்டில் துடிக்கும் நாடியிலேயே ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். வெளியே போக வேண்டிய கெட்ட காற்று உள்ளே எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்காம். ஐந்து நாளில் அதைவிட வலித்தது ஒன்றும் இல்லை, ஊசி விஷயத்தில்.

அம்மா வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். நுரையீரல் டாக்டரம்மா வந்து என்னைக் கேட்டார்.

"ஆரஞ்சு இன்ஹேலர் ரெண்டு வேளையும் எடுக்கறீங்களா?"

"எடுக்கறேன் டாக்டர்."

"ஒரு நாளும் விடலையே?"

"இல்ல."

"வேற எதாவது நாட்டு மருந்து, பவுடர், டானிக்?"

"இல்ல டாக்டர்."

அம்மா சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. "அவரு மருந்து விஷயத்துல இப்ப ரொம்ப கரெக்டா இருக்காரு டாக்டர்" என்றாள். எனக்கு முகமூடி இருந்தது நல்லதாகப் போயிற்று.

டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். ஒழுங்காக மருந்து எடுத்தும் இப்படி ஆகிறது என்றால் அந்த மருந்து போதவில்லை என்றுதானே அவர் நினைப்பார்? ஒவ்வாமையின் அளவைக் காட்டும் ரத்தச் சோதனை ஒன்று, நெஞ்சுக்கு ஸ்கேன், அப்புறமும் மூச்சு சரிப்படாவிட்டால் மாதா மாதம் தோலுக்கடியில் போடும் பெரிய ஊசி என்று வரிசையாகச் சொன்னார். அந்த ஊசி இன்ஷூரன்ஸில் வருமா என்று கேட்க அம்மா கவுண்டருக்கும் வார்டுக்கும் நடந்தாள். நான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். படுத்திருந்தேன் என்றால் படுக்க முடியாது, சாய்ந்தால் மூச்சு முட்டும். கவின் தன் யானைத் தலையணையைக் கொடுத்தனுப்பியிருந்தான். அதை முதுகுக்கு வைத்து நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். அடுத்த கட்டிலுக்கு வந்தவர்களெல்லாம் யானையைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் காலை அம்மா ரசம் சாதம் கொண்டுவந்தாள். எனக்கு ஊட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"யாழினிக்கும் அந்த ஆரஞ்சை நிறுத்திட்டேங்க. நீங்க இங்க வந்த அன்னிக்கே."

"ஏன்?"

"அதே மருந்துதானே? டோஸ்தான் கம்மி. வேளை தவறாம போட்ட உங்களுக்கே இந்தக் கதி. அதப் போயி புள்ள நெஞ்சுல எதுக்கு அடிக்கணும்? நீங்க வந்ததும் வேற டாக்டரப் பாத்து மாத்திக்கலாம்."

ரசம் புரையேறிவிட்டது. இருமி முடிக்கவே நேரமானது. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். அம்மா தண்ணீர் கொடுத்தாள், முதுகைத் தட்டினாள், மணியைப் பார்த்தாள், கிளம்பினாள். நான் சொல்லவில்லை. யாழினி, இதை நீ இரண்டாவது முறையும் படி. அப்போது கூட நான் சொல்லவில்லை.

அவள் போனபின் எனக்கு நிலைகொள்ளவில்லை. கட்டிலை விட்டு இறங்குவேன், ஆக்சிஜன் டியூப் இழுக்கும், ஏறுவேன். நர்ஸ் இரண்டு முறை வந்து திட்டிவிட்டுப் போனார். மத்தியானம் சேகர் அண்ணன் சாத்துக்குடியோடு வந்தார். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் ஒன்றும் முட்டாள்தனமாகச் செய்யவில்லை, லைனில் செய்வதைப் போல முறையாகச் சோதித்தேன் என்றும் சொன்னேன்.

சேகர் அண்ணன் சாத்துக்குடியை உரிப்பதை நிறுத்தினார். "இரு மாமே. வேரு ஆரம்பிச்சியா?"

"ஆமா."

"இன்ஹேலர நிறுத்தினியா?"

"ஆமா."

"ரெண்டாச்சே! நீதான் ஒண்ணத்தான் மாத்தணும்னு போர்டு போர்டா எழுதி வச்சுகினு கீறே. நீ குவாலிட்டின்னு சொல்லிக்கினு எத்தினி பேர திட்டியிருப்ப? அந்த வாரம் மழ வேற ஊத்துச்சு, தூசியே இல்ல. மூணாச்சு!"

இருபத்து மூன்று நாள் எண்ணியிருக்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லை. எனக்கு வேண்டிய பதிலையே எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"அத்த உடு. ஊட்ல சொன்னியா?"

"இல்லண்ணே. அவ புள்ளைக்கும் அதே மருந்த நிறுத்திட்டா. இன்னியோட மூணு நாள்."

சேகர் அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. "யோவ், நீயெல்லாம் ஒரு மனுசனா? போனப் போடு. இப்பவே போடு."

அம்மா அன்று அரை நாள் லீவு போட்டு வீட்டில் இருந்தாள், நீங்கள் பள்ளியிலிருந்து வந்திருந்தீர்கள். வீடியோவில் யாழினியைக் காட்டச் சொன்னேன். யாழினி, நீ என்ன பேசினாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தமிழ் மிஸ் உன்னைப் படிக்கச் சொன்னதைப் பற்றிச் சொன்னாய். "மிஸ் வந்து... என்னைத்தான் பா... ஃபர்ஸ்ட்டு..." என்று இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினாய். நடுவில் இருமல். போனிலேயே உன் நெஞ்சில் விசில் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?

"அம்மாகிட்ட குடு" என்றேன்.

"என்னங்க?"

"நீல மூடிய எடுத்து இப்பவே புள்ளைக்குக் குடு. ஆரஞ்சையும் இன்னியிலேருந்து திரும்ப ஆரம்பி."

"மறுபடியும் அதேவா? ஏன்னு சொல்லுங்க."

"அந்த மருந்து மேல தப்பு இல்ல. நான்தான் போடல. நிறுத்திட்டு ஹான் சார் குடுத்த வேர்ச் சாறு சாப்பிட்டுட்டு இருந்தேன்."

அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"எத்தன நாளா?"

"இருபத்தி மூணு நாளா."

"புள்ளைக்குக் குடுத்தீங்களா?"

"சத்தியமா இல்ல."

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா..." என்றாள். முடிக்கவில்லை. "போன வைங்க. கையில மருந்து எடுத்துட்டேன். நீங்க போயி டாக்டர்கிட்ட சொல்லுங்க. நான் வர்றதுக்குள்ள சொல்லியிருக்கணும்."

டாக்டரம்மா கீழே புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வார்டுக்கு வருவார்தான், அதுவரை என்னால் இருக்க முடியவில்லை. குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு, சேகர் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். அறை வாசலில் பெஞ்சு நிறைய ஆட்கள். நேராகக் கதவுக்குப் போனதும் ஒரு அம்மா எழுந்துவிட்டார்.

"ஏன்பா, காலைலேருந்து நாங்க டோக்கன் வாங்கிகினு குந்திகினு கீறோம். நீ பாட்டுக்கு கொடிக்கம்பத்தோட வர்றே?"

"நான் மேல அட்மிட் ஆயிருக்கேம்மா."

"அப்ப டாக்டரே உன் பெட்டாண்ட வருவாங்களே! எங்க டைம்ல இன்னா வேல?"

"டாக்டர்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேம்மா. அத மாத்திச் சொல்லணும்."

பெஞ்சே சிரித்துவிட்டது. அந்த அம்மா தன் காலை மடக்கி வழி விட்டார். "போ நைனா, போ. நாங்களும் உள்ள போயி அதத்தான் பண்ணப் போறோம்."

டாக்டரம்மா நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். ஸ்கேன் சீட்டை எடுத்துக் கிழித்தார். ஊசியைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது. பயந்து பயந்து கேட்டேன்: "அப்ப அந்த வேர் பொய்யா டாக்டர்?"

"பொய்னு நான் சொல்லலையே. அத வச்சு ஆராய்ச்சி நடக்குது. ஒவ்வாமையில வர்ற வீக்கத்த அது கொஞ்சம் அடக்கலாம்னு எலிகள்ல பாத்திருக்காங்க. மனுஷங்கள்ல மூக்கடைப்பு, தும்மலுக்குக் கொஞ்சம் உதவலாம்னும் சொல்றாங்க. ஆனா இன்னும் உறுதியா தெரியல. நாளைக்கு நல்ல மருந்தா வந்தாலும் வரலாம். இன்னிக்கு உங்க இன்ஹேலர் இடத்துல வந்து உக்கார அதால முடியாது. சர்க்கரைக்கும் ரத்தம் உறையாம இருக்கவும் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அது வேற வம்பும் பண்ணும். அதனாலதான் நான் கேக்கறது. நீங்க வேரச் சாப்பிட்டதுக்கு எனக்குக் கோபம் இல்ல. கேட்டப்ப இல்லன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பொண்ணு எங்க இப்போ?" என்று கேட்டார்.

நீ அப்போது ஆட்டோவில் வந்துகொண்டிருந்தாய். நீலத்தை இரண்டு தடவை கொடுத்தும் விசில் குறையவில்லை என்று அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கவின் பக்கத்து வீட்டில். அவசரப் பிரிவில், இரண்டு நாள் முன்னால் நான் உட்கார்ந்திருந்த அதே கட்டிலில் உன்னை உட்கார வைத்தார்கள். உன் சின்ன முகத்தில் பாதியை முகமூடி மறைத்தது. எனக்கும் அந்த வேளை மருந்து இருந்ததால், கெஞ்சிக் கேட்டு உன் பக்கத்திலேயே எனக்கும் மாட்டச் சொன்னேன். இரண்டு பேரும் புகை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீ என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அம்மா நம் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு உன் தலையை மட்டும் தடவினாள்.

முகமூடியைக் கழற்றியதும் உன்னிடம் சொன்னேன், எல்லாவற்றையும். நீ கேட்டது ஒன்றுதான்.

"எனக்காகத்தான் டெஸ்ட் பண்ணியாப்பா?"

"ஆமாம்மா."

"அப்ப என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அதற்குப் பதில்தான் இத்தனை பக்கம்.

உன்னை அன்று இரவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் இரண்டு நாள் ஆனது. மீதி இருந்த ஏழு பாக்கெட்டை அம்மா டாக்டரம்மாவின் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். என்னோடு அவள் இன்னும் நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. மருந்து வேளைக்கு மட்டும் எதிரில் வந்து நிற்கிறாள். நான் உறிஞ்சி, பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடித்து, வாய் கொப்பளித்துத் துப்பும் வரை நகர்வதில்லை.

யாழினி, காலையில் நீ தூங்கும்போது உன் முதுகில் யாரோ காது வைக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னாயாமே. நான்தான். வீக்கம் முழுதாக இறங்க ஒரு வாரமாவது ஆகும் என்று டாக்டர் சொன்னார். நீ ஆரஞ்சை மறுபடி ஆரம்பித்து இன்று ஆறாம் நாள். இடது பக்கம் விசில் இல்லை. வலது பக்கம், நீ மூச்சை விடும்போது, கடைசியில் மெல்லியதாக இன்னும் கேட்கிறது. நாளைக்கும் வந்து காது வைப்பேன். தாடி குத்தினால் எழுந்து திட்டு, திட்டும்போது மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகத் திட்டு.